‘வோட்டர்’: லண்டனில் எப்படி, ரொறன்ரோவில் எப்படி?

தண்ணீருக்கான ஆங்கிலச் சொல் யாழ்ப்பாணத்தில் தெரியாத வீடு இல்லை. வோட்டர் பம்ப், வோட்டர் ராங்க், வோட்டர் போத்தல் என்று நாள் முழுக்கப் புழங்குகிறோம். ஆனால் அதே சொல்லை லண்டன் கடையொன்றில் சொன்னால் எதிரே நிற்பவர் சில நேரம் திரும்பக் கேட்கிறார். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பிறந்த பேரப்பிள்ளை வீடியோ கோலில் அந்தச் சொல்லைச் சொன்னால் இங்கே இருக்கிற அம்மம்மாவுக்கு ‘வாரர்’ என்பது போலக் கேட்கிறது. லண்டன் பேரப்பிள்ளை சொன்னாலோ நடுவில் இருக்க வேண்டிய எழுத்தையே காணவில்லை. மூன்று பேரும் சொன்னது ஒரே சொல்தான்.

ஆங்கில உச்சரிப்பைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இந்த ஒரு சொல்லையே முதற்பாடமாக வைக்கலாம் என்பது என் கருத்து. பிரித்தானிய உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் எங்கெங்கே பிரிகின்றனவோ, அந்த முக்கியமான இடங்கள் மூன்று இந்தச் சின்னச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. தமிழ் நாக்கு வழக்கமாக இடறுகிற இடங்களும் இதற்குள்ளேயே இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. இந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் சொல்வதற்கு வேண்டிய ஒலிகளில் பெரும்பாலானவை யாழ்ப்பாணத் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகப் பழக வேண்டியது கொஞ்சந்தான்.

எழுத்து ஐந்து: டபிள்யூ, ஏ, ரீ, ஈ, ஆர் (w, a, t, e, r). ஒலி நாலு. கடைசி இரண்டு எழுத்தும் சேர்ந்து ஓர் ஒலி. நாலையும் வரிசையாகப் பார்க்காமல், நமக்கு மிகவும் கைகொடுக்கிற நடு எழுத்திலிருந்து தொடங்குகிறேன்.

நடுவில் இருக்கும் ‘ரீ’

‘லீற்றர்’ என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெற்றோல் செட்டில் சொல்கிற அதே லீற்றர்தான். சொல்லும்போது நாக்கு நுனி எங்கே முட்டுகிறது என்று கவனியுங்கள். மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் முரசு (ஈறு) மேடாக இருக்கிறதே, அந்த இடத்தில் முட்டும். ‘வெற்றி’, ‘பெற்றோர்’, ‘ஒற்றுமை’ என்று யாழ்ப்பாணத்தவர் வாசிக்கும்போது வருகிற ற்ற அந்த மேட்டில்தான் பிறக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் இதை இப்படிச் சொல்வதில்லை. அங்கே வாசிக்கும்போது ரகரம் கலந்து ‘வெற்ற்ரி’ என்று வரும், பேச்சில் தகரமாகிப் பல்லுக்கு இறங்கிவிடும். பழைய தமிழின் அந்த ஒலி ஈழத்துத் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதனால்தான் நம்முடைய பத்திரிகைகள் ஆங்கிலச் சொற்களை எழுதும் முறையே வேறு. அவர்கள் லிட்டர், கிலோமீட்டர், டிக்கெட், லைட் என்று எழுதுவதை நாம் லீற்றர், கிலோமீற்றர், ரிக்கற், லைற் என்று எழுதுகிறோம். சொல்லின் முதலில் றகரம் வரக்கூடாது என்பது தமிழ் இலக்கண மரபு. ஆகவே முதலெழுத்தாக வரும் இடத்தில் ரகரம் போட்டு ரீச்சர், ரயர், ரீவி என்று எழுதிக்கொண்டோம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். ஆனால் காதில் விழுந்த ஒலிக்கு மிகக் கிட்டிய தமிழ் எழுத்து எது என்று தேடிப் பிடித்தவர்களின் வேலை இது. ஆங்கிலத்தின் ரீ எழுத்து பிறக்கும் இடமும் அதே முரசு மேடுதான்.

சிக்கல் எங்கே என்றால், நம்மில் பலர் ‘வோட்டர்’ என்று ட்ட போட்டு எழுதுகிறோம், எழுதியபடியே சொல்லவும் செய்கிறோம். டகரத்துக்கு நாக்கு நுனி பின்பக்கமாக வளைந்து அண்ணத்தில் முட்டும். ‘பட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள், அது விளங்கும். ஆங்கிலக் காதுக்கு அந்த வளைந்த ஒலி புதிது. அதைக் கேட்டதும் அவர்கள் சொல்லைப் பிடிக்கக் கொஞ்சம் தாமதிக்கிறார்கள். ஆகவே முதல் திருத்தம் மிக எளிது: ‘வோட்டர்’ என்பதை விட்டுவிட்டு, ‘லீற்றர்’ சொல்கிற நாக்கோடு ‘வோற்றர்’ என்று சொல்லுங்கள். பிரித்தானிய உச்சரிப்பின் நடு ஒலி கிட்டத்தட்டக் கையில் வந்துவிட்டது.

கிட்டத்தட்ட என்று சொன்னதற்குக் காரணம், நாம் ற்றவை இரட்டித்து, கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் எழுத்து இரட்டித்திருந்தாலும் ஒலி ஒற்றைதான். நாக்கு முட்டிய உடனே விட வேண்டும். விடும்போது மெல்லிய மூச்சும் வெளியே வரும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். தேநீருக்கான ஆங்கிலச் சொல்லான ‘ரீ’யில் மூச்சு நன்றாகக் கையில் படும், ‘வோட்டரின்’ நடுவில் இலேசாகப் படும்.

அமெரிக்கர் இந்த இடத்தில் வேறொன்று செய்கிறார்கள். ‘மரம்’ என்று சொல்லுங்கள். ரகரத்தில் நாக்கு நுனி அதே முரசு மேட்டை ஒரேயொரு தரம் தட்டிவிட்டு விலகுகிறது. ஒலியியலில் இதை வருடொலி என்பார்கள். அமெரிக்கரின் ‘வோட்டர்’ நடுவில் வருவது இந்த ஒலிதான், நம்முடைய ரகரம். அம்மம்மாவின் காதில் ‘வாரர்’ என்று விழுந்தது மிகச் சரி. அவர் காது ஏமாறவில்லை.

ஆனால் ஓர் அமெரிக்கரிடம் போய் ‘நீங்கள் நடுவில் ரகரம் சொல்கிறீர்கள்’ என்றால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு ஆர் எழுத்து என்றால் நாக்கு எங்கும் தொடாமல் வருகிற வேறோர் ஒலி. நடுவில் வருவதை அவர் ரீ (t) என்றோ டீ (d) என்றோதான் கேட்பார். ஒரே ஒலியைக் கேட்கிற இரண்டு காதுகள், தத்தம் மொழிக்கு ஏற்றபடி இரண்டு பெயர் வைத்துக்கொள்கின்றன. உச்சரிப்பைப் படிக்கிற எவரும் இதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், ஏனென்றால் அகராதியில் எழுதியிருப்பது ஒன்று, காதில் விழுவது இன்னொன்று என்ற தவிப்பு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு விரலைத் தொண்டை மணியில் வைத்துக்கொண்டு பிரித்தானிய முறையில் சொல்லுங்கள். நடுவில் ஒரு கணம் அதிர்வு நின்று, பிறகு திரும்பவும் தொடங்கும். அமெரிக்க முறையில் சொல்லுங்கள். அதிர்வு தொடக்கம் முதல் முடிவு வரை அறாமல் ஓடும். அதிர்வு அறுந்தால் லண்டன், அறாவிட்டால் ரொறன்ரோ. (கனடாவின் உச்சரிப்பு இந்த விஷயத்தில் அமெரிக்காவோடு சேர்ந்தது.)

லண்டன் பேரப்பிள்ளையின் கதை தனி. அந்த நகரத்துச் சாதாரணப் பேச்சில், சொல்லின் நடுவிலும் முடிவிலும் வருகிற ரீ நாக்குக்கே வருவதில்லை. தொண்டைக்குள் மூச்சை ஒரு கணம் அடைத்துத் திறப்பார்கள், அவ்வளவுதான். ‘வோ’ என்று தொடங்கி, ஒரு வெட்டு, பிறகு ஒரு சின்ன ‘அ’. இந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. ஆனால் வாய் திறக்காமல் ‘ம்-ம்’ என்று சொல்லி ‘வேண்டாம்’ என மறுப்போமே, அதன் நடுவில் விழுகிற வெட்டு இதுதான். முன்பு கிழக்கு லண்டன் தொழிலாளர் பேச்சு என்று இதை ஒதுக்கினார்கள். இன்று இளையவர்கள் பரவலாக இப்படித்தான் சொல்கிறார்கள். கேட்டால் விளங்கிக்கொள்ளும் அளவுக்குப் பழகுங்கள். படிக்கத் தொடங்குகிறவர் இதைச் சொல்லிப் பழக வேண்டிய தேவை இல்லை.

கடைசியில் ரகரம் ஒலிக்குமா?

இரண்டு உச்சரிப்புக்கும் இடையில் மிகப் பெரிய வேறுபாடு இதுதான். ‘வோட்டர்’ மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான சொற்களில் இது வரும்.

தென் இங்கிலாந்தின் பொது உச்சரிப்பில், ஒரு சொல்லில் ஆர் எழுத்துக்குப் பிறகு உயிரொலி வந்தால்தான் ஆர் ஒலிக்கும். பின்னால் ஒன்றும் இல்லையென்றால், அல்லது மெய் வந்தால், அது மௌனம். ஆகவே பிரித்தானிய ‘வோட்டரின்’ முடிவில் ரகரமே இல்லை. ‘வோற்ற’ என்று முடிந்துவிடும். அந்தக் கடைசி அகரமும் முழு அகரம் இல்லை. வாய் கொஞ்சமாகத் திறந்து, நாக்கு ஒரு வேலையும் செய்யாமல் நடுவில் கிடக்க, சோர்வாக வெளியே வருகிற அரைகுறை உயிர் அது. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வருகிற உயிரொலி இதுவேதான். ரீச்சர், டொக்டர், சுகர், சிஸ்ரர் என்று ஈ-ஆர், ஓ-ஆர், ஏ-ஆர் எந்த எழுத்தில் முடிந்தாலும் பிரித்தானிய வாயில் எல்லாம் இந்த ஒரே சோர்ந்த அகரம்தான். நாம் எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ‘ர்’ போடப் பழகிவிட்டோம். அதை விடுவதுதான் கடினம், நாக்கை அசைப்பது கடினம் இல்லை.

அந்த ரகரம் முற்றாகச் செத்துவிடவும் இல்லை. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் திரும்பி வரும். ‘வோட்டர் போத்தல்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது ரகரம் கேட்காது. ‘வோட்டர் இஸ்’ என்று அடுத்த சொல் இகரத்தில் தொடங்கினால் இரண்டுக்கும் நடுவில் ரகரம் முளைத்து ‘வோற்றரிஸ்’ என்று ஒட்டிக்கொள்ளும். புணர்ச்சி விதி படித்த தமிழர்களுக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்காது.

அமெரிக்கருக்குக் கடைசி ரகரம் கட்டாயம். ஆனால் அது நம்முடைய ரகரம் இல்லை. நாம் ‘ர்’ சொல்லும்போது நாக்கு மேட்டைத் தட்டுகிறது. அமெரிக்கரின் நாக்கு வாய்க்குள் பின்னோக்கிச் சுருண்டு, அல்லது நடு நாக்குக் குவிந்து, எங்கும் தொடாமல் நிற்கிறது. தமிழில் இதற்கு மிகக் கிட்டிய ஒலி ழகரம். நாக்கு வளையும், ஆனால் முட்டாது. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிட்டது. ‘வாளைப்பளம்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் தேவாரம் பாடும்போதும் மேடையில் கதைக்கும்போதும் நன்றாகவே சொல்கிறோம். அந்தக் கவனமான ழகரத்தை எடுத்து, ‘வாரழ்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மரத்தின் ரகரம், முடிவில் தமிழின் ழகரம். அமெரிக்க உச்சரிப்புக்கு நான் கண்ட மிகக் குறுகிய வழி இதுதான், படிப்பிக்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு திருத்தம்: கடைசியில் அகரம் முதலில், ழகரம் பிறகு என்று இரண்டாகப் பிரியக்கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில், உயிரே வளைந்து வருவது போல ஒலிக்க வேண்டும்.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் நினைவில் நிற்கும். 1607இல் வேர்ஜினியாவிலும் 1620இல் மசாசூசெட்ஸிலும் ஆங்கிலேயர் குடியேறியபோது இங்கிலாந்திலேயே ஆர் எழுத்து எல்லா இடத்திலும் ஒலித்தது. பிறகு லண்டன் பக்கத்தில் அது மெல்லத் தேய்ந்தது. 1791இல் உச்சரிப்பு அகராதி ஒன்றை வெளியிட்ட ஜோன் வோக்கர், லண்டனில் ஆர் எழுத்து தொண்டைக்குள் அமுங்கி ஏறக்குறைய ஆகாரமாகவே கேட்கிறது என்று அப்போதே குறித்திருக்கிறார். கடல் கடந்து போனவர்களில் பெரும்பாலானோர் பழைய வழக்கை வைத்துக்கொண்டார்கள், ஊரில் நின்றவர்கள் மாறிவிட்டார்கள். புலம்பெயர்ந்த நமக்கு இது புதிய கதை இல்லை. ஊரில் வழக்கொழிந்த சொற்களை ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வயதானவர்கள் இன்னும் சொல்வதைக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் ‘பிரித்தானிய உச்சரிப்பில் ரகரம் இல்லை’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஸ்கொட்லாந்தில் இன்றும் ஒலிக்கிறது. அயல்நாடான அயர்லாந்திலும் அப்படியே. மறுபக்கம், நியூயோர்க்கில் ஒரு காலத்தில் ரகரத்தை விடுவதே நாகரிகமாக இருந்து பிறகு தலைகீழானது. 1962இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயோர்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குப் போய், நாலாம் மாடியில் விற்கிற பொருள் எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களைக் கேட்டார். ‘நாலாம் மாடி’ என்பதற்கான ஆங்கிலத் தொடரில் இரண்டு ஆர் வருகிறது. பதில் வந்ததும் காதில் விழாதது போலத் திரும்பவும் கேட்டு, இரண்டாம் தரம் அழுத்திச் சொல்ல வைத்தார். மூன்றில் மிக விலை கூடிய கடையின் ஊழியர்கள்தான் ஆர் எழுத்தை அதிகம் ஒலித்தார்கள். லண்டனில் ஆரை விடுவது மேட்டுக்குடி, நியூயோர்க்கில் ஆரைச் சொல்வது மேட்டுக்குடி. எந்த ஒலியும் தன்னளவில் உயர்ந்ததோ தாழ்ந்ததோ இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

‘வோ’வா, ‘வா’வா?

டொக்டர், கொலிஜ், கோப்பி என்று நாம் சொல்வதைத் தமிழ்நாட்டில் டாக்டர், காலேஜ், காபி என்கிறார்கள். எது சரி என்று இரண்டு பக்கத்தவரும் வாதாடுவதைக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் ஆங்கிலத்தின் அந்த உயிரொலி தமிழில் இல்லை. அது ஒகரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் நிற்கிறது. பிரித்தானியர் சொல்லும்போது உதடு குவிகிறது, ஆகவே ஒகரப் பக்கம் சாய்கிறது. அமெரிக்கர் சொல்லும்போது உதடு குவிவதில்லை, ஆகாரப் பக்கம் சாய்கிறது. டொக்டர் லண்டனுக்குக் கிட்ட, டாக்டர் நியூயோர்க்குக்குக் கிட்ட. தமிழ்நாட்டவர் அமெரிக்கரைக் கேட்டுப் பழகியதால் அப்படிச் சொல்லவில்லை. இல்லாத ஒலிக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றை ஒவ்வொரு பக்கத்தவரும் எடுத்துக்கொண்டார்கள்.

‘வோட்டரிலும்’ கதை இதுதான். பிரித்தானிய உயிர் நீளமானது, உதடு நன்றாகக் குவியும். நம்முடைய ஓகாரத்தைப் போட்டால் பெரும்பாலும் போதும், வாயைக் கொஞ்சம் கூடத் திறந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் இது இடத்துக்கு இடம் மாறும். பலர் ஆகாரம் போலவே சொல்வார்கள், சிலர் ஓகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் வைப்பார்கள். பிலடெல்பியாவில் பிறந்து வளர்ந்தவர்கள் ‘வுரழ்’ என்று உகரம் போட்டுச் சொல்வது அமெரிக்கா முழுவதும் பிரசித்தம். ஒருவர் எந்த ஊர் என்று இந்த ஒரு சொல்லை வைத்தே கண்டுபிடிப்பார்கள். படிக்கிறவருக்கு ஆகாரம் போதும்.

ஏ எழுத்துக்கு ஏன் இப்படியொரு ஒலி என்று மாணவர்கள் கேட்பார்கள். முன்னால் நிற்கிற டபிள்யூதான் காரணம். டபிள்யூவுக்கு உதடு குவிய வேண்டும், அந்தக் குவிவு பின்னால் வருகிற ஏயையும் தன்பக்கம் இழுத்துவிட்டது. கைக்கடிகாரத்துக்கான ‘வொச்’, வேண்டும் என்பதற்கான ‘வொன்ற்’, போருக்கான ‘வோர்’ எல்லாம் அப்படி வந்தவை. எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

டபிள்யூவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு உச்சரிப்பிலும் அது ஒன்றுதான். ஆனால் அது வகரம் இல்லை. வகரத்துக்குக் கீழுதடு மேற்பல்லுக்குக் கிட்டப் போகும். டபிள்யூவுக்குப் பல்லுக்கு வேலையே இல்லை, இரண்டு உதடும் ‘உ’ சொல்வது போலக் குவிந்து திறக்கும். கண்ணாடிக்கு முன்னால் நின்று ‘உ’ என்று தொடங்கி ‘உவோ’ என்று விரைவாகச் சொல்லுங்கள். மேற்பல் கீழுதட்டில் படாமல் இருந்தால் சரி. அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் அசை உரத்து, நீண்டு. இரண்டாம் அசை மெலிந்து, குறுகி. தமிழில் அசைகளை ஏறக்குறையச் சமமாகச் சொல்கிறோம், அந்தச் சமத்துவத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் கேட்பவர் எந்த அசையைப் பிடிப்பது என்று தடுமாறுவார்.

எதைப் பழகுவது?

யாழ்ப்பாணத்துக்கு இரண்டு ஆங்கிலமும் ஒரே காலத்தில் வந்து இறங்கின. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபை மிஷன் நல்லூரில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிதான் பின்னர் சுண்டிக்குளிப் பரி. யோவான் கல்லூரியாக வளர்ந்தது. பின்னால் குடியேற்ற ஆட்சியின் பள்ளிக்கூடங்களும் சோதனைகளும் பிரித்தானிய வழியில் போனதால், நம்முடைய ஆங்கிலப் பாடமும் அந்தப் பக்கமே நின்றது. இன்று பிள்ளைகளின் காதுக்குள் யூடியூப் வழியாக அமெரிக்க உச்சரிப்பு நாள்தோறும் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் கலந்த வாய்தான் இப்போது பெரும்பாலானோருக்கு.

‘ஐஈஎல்ரீஎஸ்’ (IELTS) என்ற ஆங்கிலச் சோதனைக்குப் போகிறவர்கள் இதைப் பற்றிப் பயப்படுகிறார்கள். தேவையில்லாத பயம். பேச்சுப் பகுதியில் நாலு அளவுகோல் உண்டு, அதில் உச்சரிப்பு ஒன்று. அங்கே பார்ப்பது விளங்குகிறதா, அழுத்தமும் ஏற்ற இறக்கமும் பொருளுக்குத் துணை செய்கிறதா என்பதைத்தான். பிரித்தானிய உச்சரிப்புக்கு ஒரு புள்ளி, அமெரிக்க உச்சரிப்புக்கு ஒரு புள்ளி என்று கிடையாது. ஆனால் கேட்டல் பகுதியில் பல நாட்டவரின் உச்சரிப்பும் வரும். ஆகவே வாய்க்கு ஒன்று போதும், காதுக்கு இரண்டும் வேண்டும். இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

வாய்க்கு எது என்றால், நீங்கள் யாரோடு கதைக்கப் போகிறீர்களோ அவர்களுடையது. கணவரோ பிள்ளைகளோ லண்டனில் இருந்தால் ‘வோற்ற’, கனடாவில் இருந்தால் ‘வாரழ்’. அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு புதினம்: அங்கே உயிர் பிரித்தானியரைப் போல ஓகாரம், நடுவில் பெரும்பாலும் அமெரிக்கரைப் போல ரகரம், கடைசியில் பிரித்தானியரைப் போல ஆர் மௌனம். ‘வோர’ என்று கேட்கும். கலந்து சொல்வதே பிழை என்று மாணவர்களை அதட்டுகிற ஆசிரியர்கள் இதை ஒருதரம் கேட்க வேண்டும், ஒரு கண்டம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள். ஊரை விட்டு எங்கும் போகாதவர்கள் ‘வோற்றர்’ என்று முரசு மேட்டில் முட்டி, கடைசி ரகரத்தை மெலிதாகச் சொன்னால் உலகில் எவருக்கும் விளங்கும்.

பழகுவதற்குச் செலவில்லை. கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பக்கத்தில் சொல்லைத் தேடினால் பிரித்தானியம், அமெரிக்கம் என்று இரண்டு ஒலிபெருக்கிக் குறி இருக்கும். ஒன்றை அழுத்திக் கேளுங்கள், உடனே உங்கள் குரலைப் போனில் பதிவுசெய்யுங்கள், இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். சொல்லும்போது நம் காதுக்குச் சரியாகப் படுவது பதிவில் கேட்கும்போது அப்படி இருக்காது. அந்த இடைவெளியைக் கேட்டுக் கேட்டுத்தான் நாக்கு திருந்தும். அடுத்ததாக மகளுக்கான ஆங்கிலச் சொல்லான ‘டோட்டர்’, காற்பங்குக்கான ‘குவோட்டர்’ இரண்டையும் எடுங்கள். பிரித்தானிய வாயில் மூன்றும் ஒரே எதுகை: ‘வோற்ற’, ‘டோற்ற’, ‘குவோற்ற’. அமெரிக்கரில் பலருக்கு முதல் இரண்டும் எதுகையாகும், மூன்றாவது ஆகாது. ஏனென்றால் காற்பங்கில் ரீக்கு முன்னாலும் ஓர் ஆர் இருக்கிறது, அதையும் அவர்கள் ஒலிக்கிறார்கள்.

நடு ரகர விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதையும் சேர்த்துப் படித்துவிட வேண்டும். முன்னாலும் பின்னாலும் உயிர் நிற்க, பின்னால் உள்ள அசையில் அழுத்தம் இல்லாவிட்டால்தான் அமெரிக்கர் ரீயை ரகரமாக்குவார்கள். நகரத்துக்கான ‘சிற்றி’ அவர்கள் வாயில் ‘சிரி’, கடிதம் ‘லெரழ்’, சனிக்கிழமையின் முதற்பகுதி ‘சாரழ்’. ஆனால் ‘ஹோட்டல்’ அப்படி ஆகாது, அதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் ரீ ரீயாகவே நிற்கும். அடுத்தடுத்த சொற்களுக்கு நடுவிலும் ரீ ரகரமாகும், அங்கே பின்னால் உள்ள சொல்லில் அழுத்தம் இருந்தாலும் தடையில்லை. ‘எழும்பு’ என்பதற்கு ‘கெற் அப்’ என்கிறோமே, அதை அமெரிக்கர் விரைவாகச் சொன்னால் ‘கெரப்’.

ரீக்கு முன்னால் என் எழுத்து வந்து, பின்னால் அழுத்தமில்லாத உயிர் வந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், ரீயை முழுவதுமாக விழுங்கிவிடுவார்கள். இருபதுக்கான சொல் ‘ருவென்ரி’ போய் ‘ருவெனி’ ஆகும். கனடா போகிறவர்கள் விமானத்தால் இறங்கியதும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்: நாம் ரொறன்ரோ என்று எழுதுகிற நகரத்தை அந்த ஊர்க்காரர் கடைசி ரீயே இல்லாமல் ‘ரொறானோ’ என்றுதான் சொல்வார்கள்.